வீட்டு முயலுக்குத் தினமும் என்ன கொடுப்பது? கேரட்டும் பெல்லட்டும் போதாதா?

"கேரட்டும் பெல்லட்டும் போதாதா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை. அதே நம்பிக்கையில் ஏழு மாதம் ஒரு முயலை வளர்த்தவன் நான். உங்கள் வீட்டுக்கும் முயல் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். குழந்தை ஆசைப்பட்டிருக்கும், கடைக்காரர் ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்து "இது ஒண்ணே போதும்" என்றிருப்பார். தப்பாக யூகித்திருந்தால் மன்னியுங்கள்.

முதலில் நேர் பதில்: போதாது. முயல் தின்பதில் 80 சதவீதத்துக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதற்கு அளவு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் அதன் முன்னால் கிடக்க வேண்டும். கொத்தமல்லி, புதினா மாதிரி இலை தழை தினமும் ஒரு கைப்பிடி, ஒரே கீரையைக் கட்டிக்கொண்டு அழாமல் மாற்றி மாற்றி. பெல்லட், அதாவது அரைத்து அழுத்திச் செய்த தீவனக் குச்சி, என்றால் முயலின் ஒரு கிலோ எடைக்குத் தினமும் 25 கிராம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பாட்டிலை நக்குவதைவிடக் கிண்ணத்தில் குடிப்பது அதற்குச் சுலபம். அவசரக்காரர்கள் இதோடு எழுந்து போகலாம். மீதி என் புலம்பல்.

என் முயல் நான் வாங்கியது அல்ல. அக்கா மகள் வாங்கினாள். விடுதியில் தங்கிப் படிக்கப் போகும்போது "ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோங்க மாமா" என்று கூண்டோடு இறக்கிவிட்டுப் போனாள். அந்த ஒரு மாதம் இப்போது நான்காவது வருடமாக நடக்கிறது. எங்கள் குடும்பத்தில் யார் எதை ஆரம்பித்தாலும் அது என் வீட்டில் வந்துதான் முடியும். அண்ணனின் உடற்பயிற்சி சைக்கிள், சித்தப்பாவின் மீன்தொட்டி, யாருடையது என்றே மறந்துபோன ஒரு ஆர்மோனியம். "உன் வீட்டுலதான் இடம் இருக்கே" என்பார்கள். இடம் ஏன் இருக்கிறது? நான் கண்டதையும் வாங்கி அடைக்காததால் இருக்கிறது! சரி, அது வேறு கதை.

முயலோடு ஒரு பெரிய பாக்கெட் கலவைத் தீவனமும் வந்தது. தட்டையாக நசுக்கிய தானியம், சூரியகாந்தி விதை, கலர் கலராக வில்லைகள், நடுவில் பழுப்பு நிறத்தில் நார்க் குச்சிகள். முயல் இனிப்பாக இருப்பதையெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டுக் குச்சியை அப்படியே ஒதுக்கிவிடும். நான் அதைக் கொட்டிவிட்டு மறுபடி கிண்ணத்தை நிரப்புவேன். மேல்தீனியாகக் காலையில் ஒரு முழு கேரட், மாலையில் ஒன்று.

ஏழாவது மாதம் இலையை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போட ஆரம்பித்தது. மோவாய் ஈரமாகவே இருந்தது. தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்தேன், அது எச்சில். ஒரு நாள் காலையில் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இன்றைக்குக் கூட்டும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் பார்த்தால் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பற்களின் ஓரம் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் சாகும்வரை வளரும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். புல்லைத் தின்னும்போது தாடை பக்கவாட்டில் ஆட்டுக்கல் மாதிரி அரைக்கும், அதில்தான் கடைவாய்ப் பல் தேய்கிறது. கேரட்டையும் பெல்லட்டையும் மேலும் கீழுமாக நாலு கடி கடித்து விழுங்கிவிடும். பல் தேயாது, வளர்ந்து குத்தும். குத்தினால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நின்றுபோகும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. என் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவினார்கள். அதன் பிறகு ஒரு வாரம், சில மணி நேரத்துக்கு ஒரு முறை, ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ் ஊட்டினேன்.

அப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. காய்ந்த புல் வேண்டுமே என்று தமிழில் தேடினேன், எல்லா இடத்திலும் "வைக்கோல்" என்று இருந்தது. ஒரு கட்டு வாங்கி வந்தேன். முயல் அதன்மேல் படுத்துத் தூங்கியது. வைக்கோல் என்பது கதிர் அடித்த பிறகு மிஞ்சும் தாள். நார் உண்டு, சத்து சொற்பம், படுக்கைக்குச் சரி. தின்பதற்கு வேண்டியது புல்லாகவே அறுத்துக் காயவைத்தது. காய்ந்த பிறகும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும், பிரித்தால் மணக்கும். திமோத்தி புல் கிடைத்தால் நல்லது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு மொழிபெயர்த்துத் தள்ளுகிறவர்களின் கண்ணில் அந்த வைக்கோல் தூசியே விழட்டும்.

இப்போதே பின்னூட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு: நான் மருத்துவன் அல்ல. பண்ணை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சில மாதத்தில் எடை ஏற வேண்டிய முயலுக்குக் கொடுக்கும் அடர்தீவனக் கணக்கு வேறு, வீட்டில் எட்டுப் பத்து வருடம் வாழ வேண்டியதற்கான கணக்கு வேறு. "எங்கள் முயல் பிஸ்கட் தின்றே நன்றாக இருந்தது" என்பவர்களிடம் வாதாட மாட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நானும் ஏழு மாதம் சாதித்தவன்தானே.

குதிரை மசால் என்ற தீவனப் பயிர் சத்தானது என்று யாராவது சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சரி. வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் அதில் உள்ள கால்சியம் அதிகம். உடம்புக்கு மிஞ்சியதைச் சிறுநீரில்தான் தள்ள வேண்டும், அது சுண்ணாம்புக் குழம்பாகி, கல்லாகவும் கட்டிக்கொள்ளலாம். வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட் எதுவும் கிட்டவே போகக் கூடாது. ராத்திரியில் முயல் மெத்தென்று குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி ஒரு வகைப் புழுக்கை போட்டு அதையே தின்னும், விரட்டாதீர்கள். அதில் பி வைட்டமினும் புரதமும் இருக்கின்றன. நான் "சீ" என்று அதட்டியிருக்கிறேன். அதைத் தின்னாமல் விட்டு, பின்பக்கம் அப்பிக்கொண்டு திரிந்தால் சாப்பாட்டில் இனிப்பும் மாவும் அதிகம் என்று சந்தேகப்படலாம்.

இதைப் படித்துவிட்டு இன்றே கிண்ணத்தைத் தூக்கிவிடாதீர்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புல்லுக்குக் கொண்டுவாருங்கள். இடையில் அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் இங்கே வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேரட்டா? கொடுக்கலாம். கட்டைவிரல் நுனியளவு, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. அந்தத் துண்டுக்கே என் முயல் விரலையும் சேர்த்துக் கடிக்கப் பார்க்கும்.