கேன்சர்னு வெளிய சொல்லாதேங்கறாங்க மேடம்

வணக்கம் மேடம். எனக்கு 48 வயசு. மார்புல கேன்சர்னு தெரிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கீமோ போய்ட்டிருக்கு. வியாதிய விட வீட்ல பேசுற பேச்சுதான் தாங்க முடியல. பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம், வெளிய தெரிஞ்சா யாரு பொண்ணு கேட்டு வருவாங்கன்னு மாமியார் சொல்றாங்க, வீட்டுக்காரர் வாயே திறக்கல. பெங்களூர்ல வேலை பாக்குற பொண்ணுகிட்ட கூட சாதாரண கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம், வீடியோ கால் வந்தா தலையில துண்டக் கட்டிக்கிட்டு குளிச்சுட்டு வந்த மாதிரி பேசுறேன். சொந்தத்துல ஒரு வளைகாப்புக்கு விக் வச்சுக்கிட்டுப் போனேன், "என்ன அண்ணி, டயட்டா, இப்படி இளைச்சுட்டீங்க"ன்னு ஒண்ணுவிட்ட நாத்தனார் கேக்க, ஆமான்னு சிரிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். நடிகை கௌதமி தனக்கு கேன்சர் வந்தத டிவில அவ்ளோ தெளிவா பேசுறாங்க. அவங்க நடிகை, பேசலாம். என்னை மாதிரி குடும்பப் பொம்பளைக்கு அது முடியுமா?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புச் சகோதரிக்கு,

கீமோ உடம்ப வாட்டுற நேரத்துல இந்தப் பொய்யையும் சேத்து சுமக்குறீங்க, பாவம். கௌதமிக்கு மட்டும் ஈஸியா இருந்திருக்கும்னு நினைக்காதீங்க. 1988-ல 'குரு சிஷ்யன்', 1992-ல 'தேவர் மகன்'னு ஹீரோயினா இருந்தவங்க, தோற்றத்த வச்சே ஆள எடை போடுற தொழில் அது. நோய் தெரியுறப்ப 35 வயசுதான், மக சின்னப் பிள்ளை. கட்டிய தானே தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சதா அவங்களே சொல்லியிருக்காங்க. மறைக்கணும்னா உங்கள விட அவங்களுக்குக் காரணம் ஜாஸ்தி. ஆனா 'லைஃப் அகெய்ன்'னு ஒரு அமைப்பே ஆரம்பிச்சு இதப் பத்தி ஊர் ஊரா பேசினாங்க, 2015-ல 'பாபநாசம்' படத்துல திரும்ப நடிக்கவும் வந்தாங்க.

அதுக்காக நீங்களும் மைக் பிடிக்கணும்னு நான் சொல்லல. நாத்தனார்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், அதுல மாமியாரும் தலையிட வேணாம் நானும் வேணாம்.

பொண்ணு விஷயம் வேற. அவகிட்ட மறைக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய்ல பரம்பரையா வர்றது 100-ல 5லேர்ந்து 10தான், ஆனாலும் அம்மாவுக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான அவளுக்கு எந்த வயசுல செக்கப் ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்ல முடியும்? மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்றது, எப்ப சொல்றதுங்கறதும் அவ வாழ்க்கை சம்பந்தப்பட்டது, அவளக் கேக்காம பெரியவங்களா முடிவு பண்றது நியாயமே இல்ல. லீவு போட்டு வரச் சொல்லி, விக்க கழட்டிட்டு நேர்ல பேசுங்க. அழுவா, அழட்டும்.

மாமியார் மேல எனக்குக் கோவம் வரல, அவங்க காலத்துல கேன்சர்னாலே சாவுன்னுதான் பாத்திருப்பாங்க, பயம். அடுத்த கீமோவுக்கு அவங்களையும் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, ஒட்டுமா, பேத்திக்கு வருமான்னு என்ன சந்தேகம் இருந்தாலும் டாக்டர்கிட்டயே கேக்கட்டும். வீட்டுக்காரர் பேசாம இருக்குறது அக்கறை இல்லாமன்னு எடுத்துக்காதீங்க, "எனக்கு பயமா இருக்கு, பக்கத்துல உக்காருங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. ராத்திரி தூக்கம் போய் மனசு ரொம்பக் கனத்துப்போனா 14416-க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.