பல் துலக்க வைப்பதற்கா இவ்வளவு படித்தேன்?

கேள்வி: நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; நோயாலோ காயத்தாலோ தளர்ந்தவர்கள் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களைத் தாங்களே செய்யப் பழக்குவது என் வேலை. படித்து முடித்ததும் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சை, அறுவை சிகிச்சை வார்டுகளில் வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் மறுவாழ்வு மையத்தில் ஒரே நோயாளியை வாரக்கணக்கில் பார்ப்பேன், அவர் தேறுவதைக் கண்ணால் காண்பேன். இங்கே ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை பார்ப்பதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறார்கள். பல் துலக்க வைக்கிறேன், சட்டை மாட்ட வைக்கிறேன், கழிப்பறைக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர்கள் என்னை இன்னொரு பிசியோதெரபிஸ்ட் என்றே நினைக்கிறார்கள். சென்ற மாதம், இடுப்பெலும்பு முறிந்து மாற்று மூட்டு பொருத்தப்பட்ட ஒரு முதியவரை இன்னும் சில நாள் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 'தினசரிச் செயல்களில் மிதமான உதவி தேவை' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். மறுநாளே அனுப்பிவிட்டார்கள். சில நாட்களில் வீட்டுக் கழிப்பறையில் விழுந்து திரும்பி வந்தார். என் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. மறுவாழ்வு மையத்துக்கே போய்விடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த முதியவரிடமிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் மிகவும் வலிக்கும் இடம் அதுதான். அவர் விழுந்ததற்கு நீங்கள் காரணமல்ல. டிஸ்சார்ஜ் என்பது பலர் சேர்ந்து எடுக்கும் முடிவு. காயம் ஆறும் நிலை, படுக்கைக்காகக் காத்திருக்கும் அடுத்தவர், வீட்டுக்குப் போகத் துடிக்கும் நோயாளி என்று எல்லாமே அதில் சேர்கின்றன. உங்கள் வரியை மட்டும் எடுத்து உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

ஆனாலும் அந்த வரியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. 'மிதமான உதவி' என்றால் முயற்சியில் பாதிக்கு மேல் நோயாளி போடுகிறார், மீதியை இன்னொருவர் தாங்குகிறார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வார்டு முழுவதையும் சுற்றிவிட்டு அறுவை அரங்குக்கு ஓடவேண்டிய சர்ஜனுக்கு அது எப்படிப் படும்? யாராவது லேசாகக் கையைப் பிடித்தால் போதும் என்றுதான். இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்: 'கழிப்பறை இருக்கையிலிருந்து தானாக எழ முடியவில்லை. ஒருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பதை மூன்று முறை சொல்லியும் நினைவில் கொள்ளவில்லை. இரவில் இருமுறை எழுகிறார். வீட்டில் இருப்பவர் வயதான மனைவி மட்டுமே, அவரால் இவரைத் தாங்க இயலாது. இருக்கையை உயர்த்தும் சாதனமும் கைப்பிடியும் பொருத்தி, துணைக்கு ஒருவர் கிடைக்கும்வரை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பல்ல.'

இதைப் படித்துவிட்டு மறுநாளே கையெழுத்துப் போடுவது எந்த டாக்டருக்கும் கடினம். அப்படியும் அனுப்பலாம். அனுப்பினால், மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில் குடும்பத்தாரை அழைத்து, இரவில் கட்டிலருகே வைக்கும் கமோடு நாற்காலியையாவது ஏற்பாடு செய்யச் சொல்லி, அதில் உட்காரவும் எழவும் உங்கள் கண்முன்னே ஒருமுறை செய்துகாட்ட வைக்கலாம். நேரம் இருந்தால் எழுதியதோடு நிற்காமல் டாக்டரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டின் நடுப்பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கை பலமுறை யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

மறுவாழ்வு மையத்தில் உங்கள் வேலை ஒருவரைத் தேற்றுவது. இங்கே உங்கள் வேலை, இவர் இன்று எந்த நிலையில் இருக்கிறார், இங்கிருந்து எங்கே போனால் தாங்குவார் என்று கண்டுபிடிப்பது. தேறுவதைக் காண நாட்கள் வேண்டும். கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும், பார்க்கத் தெரிந்திருந்தால்.

பல் துலக்க வைப்பதை நீங்கள் சலிப்போடு சொல்கிறீர்கள். நாளைக் காலை ஒருவர் பல் துலக்குவதை முழுதாகக் கவனியுங்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததுமே முகம் வெளிறுகிறதா? முதுகு நேராக நிற்கிறதா, ஒரு கையை ஊன்றினால்தான் நிற்கிறதா? ஊன்றிய கையை எடுக்க முடியாவிட்டால் பேஸ்ட் மூடியை அவர் எப்படித் திறப்பார்? திறந்த பிறகு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா, அல்லது பிரஷையும் பேஸ்ட்டையும் இரு கைகளில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறாரா? வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறதா, இருமல் வருகிறதா? இடது கன்னத்தில் ஒட்டிய நுரையைத் துடைக்கிறாரா, அது இருப்பதே தெரியவில்லையா? பாதியில் மூச்சு வாங்கி நிறுத்துகிறாரா? ரத்த அழுத்தம், தசை வலிமை, சமநிலை, திட்டமிடல், விழுங்குதல், கவனம், நுரையீரலின் தெம்பு ஆகிய எல்லாமே ஒரு பிரஷின் நுனியில் தெரிந்துவிடுகின்றன. எந்த ஸ்கேனும் இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் காட்டாது.

நான் பார்த்த ஒரு பக்கவாத நோயாளியைச் சொல்கிறேன். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர். கை கால் வலிமை பெரும்பாலும் திரும்பிவிட்டது, நடையும் சீராக இருந்தது, அன்று மாலையே வீட்டுக்குப் போவதாக இருந்தது. தலை வாரச் சொன்னேன். வலப்பக்கத்தை அழகாக வாரிவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தார். இடப்பக்கத்து முடி படுக்கையில் கலைந்தபடியே நின்றது. முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார் திருப்தியோடு. அவருடைய உலகில் இடப்பக்கமே இல்லை. அப்படி ஒருவர் தனியே சாலையைக் கடந்தால் என்ன ஆகும், அடுப்பின் இடப்பக்கத்து பர்னர் எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று விளக்கியதும் மருத்துவர் டிஸ்சார்ஜைத் தள்ளிவைத்தார். 'இன்னொரு பிசியோ' என்ற பேச்சுக்கும் இதுதான் பதில். அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், எப்படி நடக்கிறார் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்வார். நடந்துபோய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் சொல்கிறீர்கள். இருவரும் சேர்ந்தே ஒரு கடினமான நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்புங்கள். எல்லைத் தகராறைவிட அது நோயாளிக்கும் நல்லது, உங்கள் முதுகுக்கும் நல்லது.

கழிப்பறை விஷயத்தில் உங்கள் மனக்குறையில் பாதி நியாயம். ஆள் பற்றாக்குறைக்காக உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால் செவிலியர் பொறுப்பாளரிடம் கனிவாக, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். துணைக்குப் போவது எல்லாம் தெரபி ஆகாது. அதே சமயம், ஒருவர் கழிப்பறையில் உடையைத் தளர்த்தி, உட்கார்ந்து, சுத்தம் செய்து, எழுந்து, கை கழுவித் திரும்புவதை ஒருமுறையாவது பார்க்காமல் அவர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதாதீர்கள். வீட்டில் முதியவர்கள் விழும் முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று.

ஐ.சி.யூ.வில் உங்கள் இடத்தை யாராவது கேள்வி கேட்டால், 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வைக் காட்டுங்கள். வென்டிலேட்டரில் இருந்த 104 பேர். ஒரு பிரிவினருக்கு, தினமும் மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கவைக்கும் நேரத்தில், ஆரம்ப நாட்களிலிருந்தே பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் தரப்பட்டன. மருத்துவமனையை விட்டுப் போகும்போது அவர்களில் 59 சதவீதத்தினர் பிறர் உதவியின்றி இயங்கினார்கள். மற்றப் பிரிவில் 35 சதவீதம். மனக்குழப்பம் எனப்படும் டெலிரியம் நீடித்த நாட்களும் குறைந்தன. எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? குளிப்பது, உடுத்துவது, உண்பது, தலைவாருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கழிப்பறைக்குப் போவது, நடப்பது. நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே வேலைகள்! நிர்வாகத்திடம் பேச 2016-ல் வெளியான இன்னோர் ஆய்வும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள், இதயச் செயலிழப்பு, நிமோனியா, மாரடைப்பு மூன்றிலும் நோயாளிகள் மீண்டும் சேர்க்கப்படுவது குறைவதோடு தொடர்புகொண்ட ஒரே செலவினம் ஆக்குபேஷனல் தெரபி என்று கண்டார்கள். தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. ஆனாலும் பட்ஜெட் கூட்டத்தில் மேசைமேல் வைக்கத் தகுந்த செய்தி அது.

புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் ஒரு கண்டிப்பான வார்த்தை. கேஸ் ஷீட்டைப் படிக்காமல் யாரையும் தொடாதீர்கள். நேற்று உட்கார்ந்தவர் இன்று உட்காரும் நிலையில் இல்லாமல் இருக்கலாம். ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும், காலில் எடை தாங்கக் கூடாது என்ற புது உத்தரவு வந்திருக்கும். எழுப்பும் முன் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் உட்காரவைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உறவினரையும் இழுக்க விடாதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும்.

முடிவைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்னிடம் மருந்தில்லை. அது இந்த வேலையில் உள்ள உண்மையான இழப்பு. நேற்று நீங்கள் தலைவாரிவிட்டவரின் கட்டில் இன்று காலியாக இருக்கும். வீட்டுக்குப் போனாரா, இறந்துபோனாரா என்று விசாரிக்கவே மனம் வராத நாட்களும் வரும். விசாரியுங்கள். அடுத்து அவரைப் பார்க்கப்போகும் தெரபிஸ்டுக்கு நல்ல குறிப்பு ஒன்று அனுப்புங்கள். எதில் பயப்படுகிறார், எந்தக் கை முதலில் சட்டைக்குள் போனால் எளிது, கண்ணாடியும் காதுக் கருவியும் இல்லாவிட்டால் குழம்புகிறார் என்பதுவரை எழுதுங்கள். அந்தக் குறிப்பின் வழியாக உங்கள் வேலை அங்கே தொடர்கிறது. சில தெரபிஸ்டுகள் பதிலும் எழுதுவார்கள்.

இனி, போய்விடலாமா என்ற கேள்வி. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. மதிப்பில்லை என்ற வருத்தத்தில் எடுக்கும் முடிவு, அங்கே போன பிறகும் உங்களை அரித்துக்கொண்டிருக்கும். ஓர் ஆண்டு இருங்கள். நான் மேலே சொன்னபடி எழுதிப் பாருங்கள், ரவுண்ட்ஸில் டாக்டர் பக்கத்தில் நின்று ஒரு நோயாளியைப் பற்றியாவது வாய்திறந்து பேசுங்கள். அதன் பிறகும், ஒரே மனிதரோடு வாரக்கணக்கில் இருந்து அவர் தேறுவதைக் காண்பதுதான் உங்களுக்கு நிறைவு என்று தோன்றினால் தயங்காமல் போங்கள். அது தோல்வி அல்ல, சுபாவம். தீவிர சிகிச்சை வார்டில் கற்றதோடு வரும் ஒருவரை எந்த மறுவாழ்வு மையமும் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு முன், உங்கள் துறைத் தலைவரிடம் இரு பிரிவுகளிலும் சுழற்சி முறையில் வேலை கேட்க வழி இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். பல பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.