நீளம் ஒரு குற்றமா?

அன்புள்ள ஐயா,

என் மகன் எட்டு எபிசோடு வெப் சீரிஸை ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துவிடுகிறான். நான் சீரியல் முன்னால் உட்கார்ந்தால், "பத்து நிமிஷக் கதையை வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள், இதைப் போய் பார்க்கிறாயே" என்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் 'மெட்டி ஒலி'யை நான் மனசு ஒன்றித்தான் பார்த்தேன். நீளமாக இருந்தாலே மட்டமான கதையா?

எம்., கும்பகோணம்

அன்புள்ள எம்.,

இல்லை. தினமும் வருகிற கதைக்கு வேலையே வேறு.

'மெட்டி ஒலி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் தொடங்கி 2005 வரை சன் டிவியில் எண்ணூறு எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. இயக்கம் திருமுருகன். மனைவியை இழந்த சிதம்பரம், அவருடைய ஐந்து பெண்கள், அவர்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகள், அவ்வளவுதான் கதை. ஒரு வீட்டில் ஏதோ நடக்கும். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று ஒருத்தி மறைப்பாள், அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிடும், தங்கைக்குக் கடைசியாகத்தான் தெரியும். என்ன நடந்தது என்பதைவிட, யாருக்கு எப்போது தெரியவருகிறது என்பதில்தான் தினசரித் தொடரின் உயிர் இருக்கிறது. நம் குடும்பங்களில் சேதி நகர்வதும் இப்படித்தானே?

அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான சரோவை நினைத்துப் பாருங்கள். மாமியார் ஒரு பக்கம், அம்மா சொல்லைத் தட்டாத கணவன் மாணிக்கம் ஒரு பக்கம். அவள் பொறுத்துப்போன ஒவ்வொரு நாளையும் நீங்களும் கூட இருந்து பார்த்தீர்கள். அதனால்தான் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால்கூட அது பெரிய சம்பவமாக இருந்தது. வெப் சீரிஸின் எட்டு எபிசோடில் அந்தக் கனத்தைக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

இன்னொன்று, சீரியலைப் பாதிப் பேர் காதால்தான் பார்க்கிறார்கள். அடுப்படியில் குழம்பு கொதிக்கும்போது வசனம் மட்டும்தான் வந்து சேரும். பாத்திரங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பேசுவதும், நேற்று நடந்ததை இன்று மறுபடி சொல்வதும் அதற்காகத்தான். முழுக்கவனத்தோடு உட்காரும் உங்கள் மகனுக்கு அது அலுப்பாகத்தான் இருக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை வந்த தொடர்கள் வேறு ஜாதி. தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரம் என்பது வழக்கமான கணக்கு, அதாவது வருஷத்தில் கால் பங்கு. பதின்மூன்றாவது வாரம் முடித்தாக வேண்டும் என்பதால் எழுதுகிறவர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். பிறகு சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசை இந்த வார இடைவெளியைப் பிரமாதமாகப் பயன்படுத்தியது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. அதில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' ஒரு சிறுவனின் கிராமத்துக் காலத்தையும் பல வருஷம் கழித்து நடப்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னது. அடுத்த எபிசோடுக்கு ஏழு நாள் இருந்ததால் தெருவே துப்பறிந்தது. மர்மக் கதைக்கு அந்தக் காத்திருப்பு தேவை.

அந்த ஏழு நாளை வெப் சீரிஸ் எடுத்துவிட்டது. 2022-இல் வந்த 'சுழல்' எட்டு எபிசோடும் ஒரே நாளில் வெளியானது. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் கதையை வைத்ததால் அதற்கு இயல்பாகவே ஒரு கெடு கிடைத்தது, விழா முடியும்போது உண்மை வெளிவந்தாக வேண்டும். அது நன்றாக அமைந்தது. ஆனால் இந்த வகையில் பலதும் நீண்ட சினிமாவைத் துண்டு போட்டதுபோல இருக்கின்றன. மூன்றாவது எபிசோடில் என்ன நடந்தது என்று மறுநாள் கேட்டால் பார்த்தவருக்கே சொல்லத் தெரிவதில்லை.

சரி, உங்கள் மகன் சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. மெகா சீரியல் ஒளிபரப்பாகும்போதே படப்பிடிப்பும் நடக்கிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் டிஆர்பி கணக்கு வாராவாரம் வருகிறது. ஏறினால் கதை நீளும், இறங்கினால் பாதை மாறும். நடிகர் விலகினால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தொடர்வார்கள். முடிவு எங்கே என்று எழுதுகிறவருக்கே தெரியாதபோது, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் வில்லியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான். எனக்கும் கோபம் வருவது அங்கேதான். எண்ணூறு எபிசோடு போகட்டும், ஆனால் கதையின் நாயகி முதல் நாள் இருந்த இடத்திலேயே எண்ணூறாவது நாளும் நிற்கக் கூடாது.

மகனோடு சேர்ந்து பார்க்க ஏதாவது வேண்டுமென்றால் 'விடாது கருப்பு'விலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு மட்டும் போடுங்கள், அவன் எவ்வளவு கேட்டாலும் அடுத்ததைப் போடாதீர்கள்.

அன்புடன்.