பெரியவன அடிச்சுட்டு ராத்திரி அழறேன், பொறுமைக்கு என்ன வழி?

ஈரோட்டுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மூணு வயசுப் பையன், அஞ்சு மாசக் கைக்குழந்தை. பெரியவன் ஒரு தோசைய ஒரு மணி நேரம் வாயிலயே அதக்கி வச்சிருக்கான், கத்தறேன், நாலு போடறேன், அப்புறம் அவன் தூங்கறப்ப பாத்து அழறேன், பொறுமைக்கு ஏதாவது கோர்ஸ் இருக்கா டாக்டர்னு.

கோர்ஸ் வேண்டாம்மா. 21 நாள்ல பொறுமையான அம்மா ஆகலாம்னு வாட்ஸ்அப்ல விக்கறவங்ககிட்ட காசு கட்டிட்டு, அதையும் முடிக்க முடியலன்னு கூடுதலா ஒரு குற்ற உணர்ச்சியோட என்கிட்ட வர்றவங்கள பாத்து பாத்து எனக்கு வயிறு எரியுது. அந்தக் காசுல ஹீமோகுளோபினும் தைராய்டும் டெஸ்ட் எடுங்க. ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தா அது ரத்தசோகை, சும்மாவே உடம்பு அசந்து எரிச்சல் வரும். பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் சாப்பிடச் சொல்லித் தர்ற இரும்புச்சத்து மாத்திரைய பாதியில நிறுத்திட்டீங்களான்னு பாருங்க.

பையன் விஷயம் கணக்குதான். 3 கிலோவுல பிறந்த குழந்தை ஒரு வயசுல 9 கிலோ ஆகும், அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு கிலோ அளவுதான் ஏறும், அப்ப பசி குறையாம என்ன செய்யும்? அரை மணி நேரம், அவ்வளவுதான், தட்ட எடுத்துடுங்க. அடுத்த சாப்பாடு வரைக்கும் பால், பிஸ்கட் கிடையாது, தண்ணி மட்டும். மெடிக்கல் ஷாப்ல "பசி டானிக்"னு கேட்டு மட்டும் வாங்கிடாதீங்க, அப்படித் தர்றதுல பலதுல இருக்கறது சைப்ரோஹெப்டடின், அது அலர்ஜி மருந்து, புள்ள தூங்கி வழியும். சீட்டு இல்லாம அத எடுத்து நீட்டறவங்கள யாருமே கேக்கறதில்ல.

ஒரு விஷயம் மட்டும் தனி. நீங்க அஞ்சு மாசம் முன்னாடி பிரசவம் ஆனவங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு எல்லாருக்கும் அழுகையா வராது, சிலருக்குக் கோவமாத்தான் வரும், அதனால வீட்ல "திமிரு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரலயா, எதுலயும் பிடிப்பு இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதா, குழந்தைய ஏதாவது பண்ணிடுவோமோன்னு பயம் வருதா, இல்ல செத்துடலாம்னு ஒரு தடவையாவது தோணுச்சா? அப்ப இது பொறுமை சமாச்சாரமே இல்லம்மா, வைத்தியம் பாக்க வேண்டியது, தாய்ப்பால் குடுத்துட்டே சாப்பிடற மருந்தும் இருக்கு. கடைசி ரெண்டுல எது இருந்தாலும் ரெண்டு வாரம்லாம் காத்திருக்காதீங்க, இன்னைக்கே வீட்ல சொல்லி டாக்டர பாருங்க. 14416க்குப் போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். 6, 10, 14 வாரத்துல தடுப்பூசிக்குப் போறப்பல்லாம் குழந்தைய எடை போடறோம், கூட வந்த அம்மாகிட்ட "நீ தூங்கறியாம்மா"ன்னு கேக்க ஒரு நிமிஷம் கிடையாது, எத்தன வருஷமா இதச் சொல்லிட்டிருக்கேன்.

கோவம் தலைக்கேறுற நேரத்துல சின்னத தொட்டில்ல போட்டுட்டு, பெரியவன வீட்ல யாராவது கையில குடுத்துட்டு, ரெண்டு நிமிஷம் வாசல்ல போய் நில்லுங்க, அழுதா அழட்டும். கைக்குழந்தைய மட்டும் எந்தக் கோவத்துலயும் பிடிச்சுக் குலுக்கிடாதீங்க, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சுடும். ராத்திரி பெரியவனுக்கு ஊட்டறது இந்த வாரத்துல இருந்து அவங்கப்பா வேலை, அவரையும் அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்.