தொந்தரவே இல்லாதபோது எண்டோஸ்கோப்பி எதற்கு?

கேள்வி: என் வயது 41. உயரம் 160 செ.மீ., எடை 112 கிலோ. எடையைக் குறைக்க ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன். முதலில் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். எப்போதாவது நெஞ்சு கரித்தால் ஒரு மாத்திரை போடுவேன். மற்றபடி தொந்தரவு இல்லை. வாய்வழியே உள்ளே விடும் கேமராக் குழாயை நினைத்தாலே பயமாக இருக்கிறது. தவிர்க்கலாமா?

பதில்: தவிர்க்காதீர்கள். ‘எப்போதாவது நெஞ்சு கரித்தால்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கண் அதில்தான் நிற்கிறது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படும். மிஞ்சுவது ஒடுக்கமான குழாய். உள்ளே அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலேறுவது சிலருக்கு அதிகமாகிறது. உணவுக்குழாயில் ஏற்கெனவே புண்ணோ, ‘பேரட்ஸ்’ எனப்படும் திசு மாற்றமோ இருந்தால் ஸ்லீவை விட்டு, இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறைக்கு மாறுவதே பெரும்பாலும் நல்லது. இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறியிருந்தால் அதே அறுவையில் சரிசெய்துவிடலாம். பைபாஸிலோ இரைப்பையின் பெரும்பகுதி உள்ளேயே இருந்தாலும் உணவுப் பாதையிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும்; வழக்கமான எண்டோஸ்கோப்பி அங்கே பிறகு எட்டாது. முழு இரைப்பையையும் எளிதாகப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இப்போதுதான்.

அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் இது தேவையா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலருக்குச் சிகிச்சைத் திட்டத்தை மாற்றும் எதுவும் தென்படுவதில்லை என்பதும் உண்மை. இருந்தும் பார்த்துவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. உணவுக்குழாய் கணிசமாகப் புண்பட்டிருந்தும் எரிச்சலே உணராதவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கோ அறிகுறியும் இருக்கிறது.

இரைப்பைப் புண்ணை உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சிறு திசுவும் எடுப்பார்கள், வலிக்காது. கிருமி இருந்தால் சுமார் 14 நாள் மருந்து. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இந்தக் கிருமியை மறைத்துவிடக்கூடும் என்பதால், எதை எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். தொண்டையை மரக்கச் செய்வார்கள். தூக்க மருந்தும் கேட்கலாம். ஆனால் குறட்டையோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். எடைக் குறைப்பு ஊசி போட்டுவந்தால் அதையும் மறைக்க வேண்டாம். இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்தும்.

முடிவு வந்ததும் அறுவை மருத்துவரிடம், ‘இதைப் பார்த்த பிறகும் எனக்கு ஸ்லீவ்தான் பொருத்தமா?’ என்று நேராகக் கேளுங்கள்.