மதுரையில் வீடு கட்டி ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தில் அடுத்த மனை வாங்கலாமா?

கேள்வி கேட்டவருக்கு அப்பா வாங்கிப் போட்ட மனை இருக்கிறது. கையில் 15 லட்சம், வங்கிக் கடன் 25 லட்சம், கீழும் மேலுமாக இரண்டு சின்ன வீடு. இரண்டையும் தலா ஆறு லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டால் 12 லட்சம் மொத்தமாக வரும், ரிங் ரோடு பக்கம் ஒரு மனையை முடித்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறாராம். முதல்முறை வீட்டுக்காரர் ஆகிறவர் வேறு என்ன கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

ஒத்தி தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு: குடி வருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பார். காலி செய்யும்போது அந்தத் தொகை முழுதாக அவர் கைக்குத் திரும்ப வேண்டும்.

ஒத்தி என்பது வருமானம் இல்லை, கடன். அதுவும் மலிவான கடன் இல்லை. நீங்கள் சொல்கிற அளவு வீட்டுக்கு மாத வாடகை 7,500 வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு லட்சத்தை வாங்கிக்கொண்டு அந்த 7,500-ஐ விட்டுக்கொடுக்கிறீர்கள். நூற்றுக்கு ஒண்ணேகால் ரூபாய் வட்டி, வருடத்துக்கு 15 சதவீதம். வீட்டுக் கடனை 8.5 சதவீதத்துக்கு வாங்கிவிட்டு, அந்த வீட்டை வைத்தே 15 சதவீதத்துக்கு இன்னொரு கடன். மனை வருடா வருடம் 15 சதவீதம் ஏறினால்தான் இது கட்டுப்படியாகும். அந்தப் பக்கம் ஏறுமா ஏறாதா என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. ஆனால் 25 லட்சத்துக்கு 20 வருடத் தவணை மாதம் ஏறக்குறைய 21,700 வரும். இரண்டு வீட்டையும் வாடகைக்கு விட்டாலே வருவது 15,000. ஒத்திக்கு விட்டால் தவணை முழுக்க உங்கள் சம்பளத்தில்தான் போகும்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அப்பா. வில்லாபுரம் பக்கம் வரிசையாக மூன்று வீடு கட்டினார். மூன்றும் ஒத்தி. ஒரு ஒத்திப் பணத்தில் அக்காவின் கல்யாணம், இன்னொன்றில் மாடிக்குக் கம்பியும் சிமெண்டும், மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. யாராவது காலி செய்தால் புதிதாக வருகிறவரிடம் கொஞ்சம் கூட வாங்கிப் பழையவருக்குக் கொடுத்துவிடுவார். அவர் இருந்தவரை அது ஓடியது. அவர் வாக்குக்குத் தெருவில் ஒரு மதிப்பு இருந்தது, அதனால் ஓடியது.

அவர் இறந்து காரியம் முடிந்த வாரமே கீழ் வீட்டு அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "தம்பி, உங்கப்பா இருந்திருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். வைகாசில பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். அந்த மூணரை லட்சத்தக் குடுத்துட்டீகன்னா நாங்க ஒதுங்கிக்கிருவோம்." அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அது அவர் காசு. என்னிடம்தான் இல்லை.

அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் மூன்று முத்திரைத் தாள்கள். எதுவும் பதிவு செய்யப்படவில்லை. ஒன்றில் காலம் முடிந்து, தாளின் பின்பக்கம் பேனாவால் "மேலும் இரண்டு வருடம்" என்று எழுதிக் கையெழுத்து. இன்னொன்றில் எழுதியிருந்த தொகையும் குடியிருந்தவர் சொன்ன தொகையும் வேறு வேறு. நடுவில் 50,000 கூடக் கொடுத்தேன் என்றார். சாட்சி கேட்டால் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன். வீட்டில் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி என்ன?

முதல் மூணரை லட்சத்துக்கு மனைவியின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போனது. காலியான வீட்டுக்கு வெள்ளையடித்து மாத வாடகைக்கு விட்டேன், அந்த வாடகை நேராக நகைக் கடனுக்குப் போனது. இரண்டாவது வீட்டில் ஒத்திக்கு இருந்தவரிடம் பேசி, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீதிப் பாதிக்கு ஒத்தியும் பாதி வாடகையுமாக மாற்றினேன். இப்படி ஒருவழி நம் ஊரில் உண்டு, பலருக்குத் தோன்றுவதில்லை. மூன்று வீடும் முழு வாடகைக்கு வர வருடங்கள் ஆயின. இன்று யாருக்கும் ஒரு பைசா ஒத்திப் பாக்கி இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

"ஒத்திக்கு விட்டுத்தான் எங்கப்பா நாலு வீடு கட்டினார்" என்று கீழே ஒருவர் எழுதுவார். சந்தோஷம். உங்கள் அப்பாவுக்கு அடுத்த ஒத்திக்காரர் எப்போதும் சரியான நேரத்தில் கிடைத்திருக்கிறார். ஒத்தியே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 18 சதவீத வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது, ஒத்தி வாங்கி அதை அடைக்கிறேன் என்றால் அதில் கணக்கு இருக்கிறது. மனை வாங்க என்றால் இல்லை.

சரி, ஒத்திதான் என்று முடிவு செய்துவிட்டால் மூன்று விஷயம். குடியிருக்கும் உரிமையோடு வீட்டை அடமானமாக எழுதிக் கொடுக்கிற ஒத்தி, 100 ரூபாய்க்கு மேல் போனாலே பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ரொக்கமாக வாங்காதீர்கள். கடனோ டெபாசிட்டோ 20,000 ரூபாயைத் தொட்டால் வங்கி வழியாகத்தான் வாங்க வேண்டும், மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்புறம், உங்கள் வீடு ஏற்கனவே வங்கியிடம் அடமானம். வங்கியின் சம்மதம் இல்லாமல் வேறு அடமானம் வைக்கக் கூடாது என்றுதான் கடன் ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதியிருக்கும். அதை எடுத்துப் படியுங்கள். நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேட்பது நல்லது.

வாடகைக்கு விடுவதாக இருந்தால் வாய்வார்த்தை வேண்டாம். 1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 11 மாதம் என்று எழுதிவிட்டால் எதுவும் தேவையில்லை என்று புரோக்கர் சொல்வார். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குத்தான் பொருந்தும், இதற்கு இல்லை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி, இரு பக்கமும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. நான் மூன்றுதான் வாங்குகிறேன். பத்து மாதம் வாங்கி வைத்தால் காலி செய்கிற அன்றைக்கு மறுபடி சின்ன அளவில் அதே ஒத்திக் கதைதான்.

வாடகை தரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். அதைச் சட்டம் தடுக்கிறது. இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் நோட்டீஸ், அப்புறம் வாடகை நீதிமன்றம்.

கரண்டைப் பற்றி இன்னொன்று. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். ஒரே மீட்டரில் எல்லோரையும் கோத்துவிட்டு, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கறக்கிறவர்களை எனக்குத் தெரியும். நல்ல குடும்பம் அப்படிப்பட்ட வீட்டில் நிலைக்காது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஏரியாவாக இருந்தால் குழாய் வகையறாவில் பளபளப்பு பார்க்க வேண்டாம். பித்தளைக் குழாய்களை உப்பு தின்றுவிடும். பிளாஸ்டிக் குழாய்தான் உழைக்கும், போனாலும் மாற்றுவது மலிவு. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியானால் ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். வருடத்துக்கு 12 மாத வாடகை என்று கணக்குப் போடாமல் பத்து என்று போடுங்கள்.

வீடு கட்டும்போது வண்டி நிறுத்த உள்ளேயே இடம் விடுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் போர்டிகோவை ஹாலாக்கி, ஹாலில் பெரிய டிவி மாட்டிவிட்டு, காரை என் கேட்டுக்கு முன்னால் போட்டு உறை மாட்டி வைத்திருக்கிறார். கேட்டால் "ரோடு பொதுதானே சார்" என்கிறார். பொது என்றால் அவர் கேட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டியதுதானே? அங்கே செம்பருத்தி வைத்து வேலி போட்டிருக்கிறார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

வரி: சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி உண்டு. வருமான வரியில் வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று பில் எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம்.

கட்டி முடித்ததும் டு-லெட் போர்டு மாட்டுவதற்கு முன்னால் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு ராத்திரி பாயைப் போட்டுப் படுத்துப் பாருங்கள். மாடியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, எந்த ஜன்னலில் கொசு வருகிறது, பக்கத்து மண்டபத்து மைக் செட் எதுவரை கேட்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். என் மேல் வீட்டில் மோட்டார் போட்டால் படுக்கையறைச் சுவர் அதிர்ந்தது. அடியில் ரப்பர் வைத்துச் சரி செய்தபிறகுதான் ஆள் விட்டேன்.