காலையில் மட்டும் அடம்பிடிக்கும் டீசல் பிக்கப்

கேள்வி: மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப். விடிகாலையில் பத்துப் பதினைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு நாள் முழுக்கத் தொந்தரவில்லை. ஹீட்டர் பிளக்கை மாற்றலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அவசரப்படாதீர்கள். குளிர்ந்த இன்ஜினின் எரியறையைச் சூடாக்குவதுதான் ஹீட்டர் பிளக்கின் வேலை; நம் ஊர்ச் சூட்டில் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். இரவில் லைனுக்குள் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கலாம். நாளை சாவி போடுமுன், ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பைக் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். உடனே கிளம்பினால் காற்றுக்கசிவுதான். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாமலும் இருக்கும். ஃபில்டரின் ரப்பர் வளையம், பேஞ்சோ போல்ட்டின் (டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸில் விரிசல் மூன்றையும் பாருங்கள். பழைய வாஷரையே திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்! ஃபில்டருக்கு முன்னால் சற்று நேரம் டீசலுக்கான, உள்ளே தெரியும் ஹோஸ் மாட்டினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

பம்ப் அடித்தும் பலனில்லையா? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று மீட்டரில் பாருங்கள். போனால் பேட்டரியையும் எர்த் கேபிளையும் சோதியுங்கள்.